விரிசல் விட்ட பம்பரத்தைச் சரிசெய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

பழைய மரப் பம்பரத்தில் விழுந்த விரிசலைச் சரிசெய்வதாகச் சொல்லி, மேலே பட்டி தடவி எனாமல் பூசிக் கொடுத்துவிட்டு 700 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். என் மகன் சாட்டை சுற்றி விட்ட அந்தப் பம்பரம் சிமென்ட் தரையில் பட்டதும் இரண்டாகப் பிளந்து, ஆணியோடு தெறித்த பாதி, அருகில் நின்ற பக்கத்து வீட்டுச் சிறுவனின் முழங்காலை உரசிக்கொண்டு போனது. அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

அது என் தாத்தா வைத்திருந்த கொய்யாமரப் பம்பரம். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் கட்டியை அழுத்தி, உராய்வுச் சூட்டில் அதை உருகவிட்டு, தாழை மடலால் தேய்த்து மெருகேற்றும் பழைய முறையில் நிறம் ஏற்றப்பட்டது. ஆணியின் அடியில் தொடங்கிய விரிசல், சாட்டை சுற்றும் வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நகம் நுழையும் அகலத்தில் மேலேறியிருந்தது.

இத்தகைய விரிசல் ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் கடைக்காரர் என்ன செய்யாமல் விட்டார் என்பது விளங்கும். காயும் மரம், அதன் வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருங்கும் அளவைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். ஆகவே கிளையின் நடுத்தண்டு உள்ளே இருக்கும்படி கடைந்த பம்பரம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெடிக்கவே பார்க்கும். அதன்மேல் இழையின் போக்கிலேயே அடித்து இறக்கிய ஆணி, ஆப்பைப் போல வேலை செய்கிறது. பம்பரம் தரையில் விழும் ஒவ்வொரு முறையும், ஆக்கர் (மற்றவர் பம்பரத்தின் ஆணிக் குத்து) வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆப்பு இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. துருப்பிடித்தால் ஆணியே பருக்கிறது. எனவே ஆணியைக் கழற்றாமல் செய்யும் எந்த வேலையையும் பழுதுபார்ப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

பசையை உள்ளே இறக்கி இறுக்கிக் கட்டியதாகக் கடையில் சொன்னார்கள். பிளந்த முகங்களைப் பார்த்தால், பல வருடத்து அழுக்கு அப்படியே கறுப்பாகப் படிந்திருக்கிறது. பசையின் சுவடே இல்லை. விளிம்பில் மட்டும் காகிதக் கனத்துக்குப் பட்டி ஒட்டியிருக்கிறது. ஆணியைச் சுற்றியிருந்த துரு வளையத்தின் மீதே எனாமலை அடித்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "ஷோகேஸில் வைக்கத்தான் கொடுத்தீர்கள் என்று நினைத்தோம் சார்" என்றார் உரிமையாளர். பிள்ளை விளையாடத்தான் என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். ரசீதிலோ "பாலிஷ்" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

முறையான வேலை இப்படித்தான் நடக்க வேண்டும். முதலில் ஆணியைப் பிடுங்கி, விரிசலுக்குள் இருக்கும் அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் நீக்க வேண்டும். மயிரிழை விரிசலுக்கு, தண்ணீர்போல் ஓடும் உடனடிப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அகன்ற வெடிப்பென்றால் அதே மரத்தின் மெல்லிய சீவலை, இழை பொருந்தும்படி மரப்பசையோடு செருகி, இறுகக் கட்டி முழுநாள் காயவிட வேண்டும். பிறகு ஆணியின் பருமனைவிடச் சற்றே சிறிய துளையிட்டுத்தான் ஆணியை இறக்க வேண்டும். பட்டிக்கு மரத்தைப் பிடித்து நிறுத்தும் வலு கிடையாது. அது பள்ளத்தை மறைக்க மட்டுமே உதவும். விரிசல் ஆணியிலிருந்து தலைவரை முழுதாக ஓடியிருந்தால், இதை இனிச் சுற்றக் கூடாது என்று சொல்லி அனுப்புபவரே நாணயமான கடைசல்காரர்.

கொடுப்பதற்கு முன் விரிசலை எல்லாப் பக்கமும் படமெடுத்து வையுங்கள். "ஆணி கழற்றி, விரிசல் ஒட்டி, சுற்றும் நிலையில் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வண்ணம் பூசுவதற்கு முன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அப்போது ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தால், ஒட்டாத விரிசல் ஈரத்தை உறிஞ்சிக் கருங்கோடாகத் தெரியும். வண்ணம் பூசியே கைக்கு வந்தால் ஆணியின் அடியைப் பாருங்கள். பழைய துருவின் மேல் புது வண்ணம் இருந்தால் வாங்காதீர்கள்.

பிளந்த துண்டுகளையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதேபோல் ஏமாந்தவர்கள் உடைந்த பொருளைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். உள்ளே பசை இல்லை என்பதற்கு அந்தத் துண்டுகளே சான்று.