வருடக்கணக்கில் வீட்டுக் கணக்கு நோட்டு எழுதினால்

வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் அறுந்துபோவது பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்தான். அதற்குச் சோம்பலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இருபது தலைப்பு போட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி ஆரம்பிப்பதால்தான் நின்றுபோகிறது. கொத்தமல்லிக் கட்டுக்குக் கொடுத்த 10 ரூபாயை எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசிக்க வேண்டியிருந்தால் நாலாம் நாளே கை ஓடாது. எட்டுத் தலைப்புக்குள் அடங்கும் நோட்டுதான் தாக்குப்பிடிக்கும்: மளிகை, பால்-காய்கறி, வாடகை-பில், பயணம், மருந்து, படிப்பு, விசேஷம், இதர.

192 பக்க லாங் சைஸ், கோடு போட்ட, தைத்த நோட்டு போதும். வாரத்துக்கு இரண்டு பக்கம் என்றால் வருடத்துக்கு 104 பக்கம், மாதக் கூட்டலுக்கு 12. மீதி தாராளமாக இருக்கும். ஸ்பைரல் நோட்டு வேண்டாம். தினமும் புரட்டினால் துளை கிழிந்து தாள் கழன்றுவிடும். ஜெல் பேனாவும் வேண்டாம், ஈரக்கை பட்டால் எண் கரைந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவை நூலில் கட்டி நோட்டோடு தொங்கவிடுங்கள். பேனா தேடுகிற நேரத்தில் ‘நாளைக்கு எழுதிக்கலாம்’ என்று தோன்றிவிடும்.

ஒவ்வொரு வரியிலும் தேதி, விவரம், தலைப்பு, எப்படிக் கொடுத்தோம், தொகை. எப்படிக் கொடுத்தோம் என்பதற்கு ரொக்கம் என்றால் ‘ரொ’, யுபிஐ என்றால் ‘யு’, கார்டு என்றால் ‘கா’. யுபிஐ செலவுதான் போனிலேயே பதிவாகிறதே, எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பார்கள். சின்னக் கடைகளில் க்யூஆர் ஸ்கேன் செய்தால் பல நேரம் கடைப் பெயர் வராது, உரிமையாளர் பெயர்தான் வரும். பத்து நாள் கழித்து ஏதோ ஒரு பெயருக்கு 240 ரூபாய் போயிருப்பது தெரியும், அது பழமா, ஸ்டேஷனரியா என்று தெரியாது. செலவை எஸ்எம்எஸ் பார்த்துக் கணக்கிடும் ஆப்களுக்கும் இதே கதிதான். கூடவே, ரொக்கச் செலவு அவற்றின் கண்ணிலேயே படாது. அன்றிரவே எழுதினால் ஐந்து நிமிட வேலை.

எழுதி முடித்ததும் பர்ஸை எண்ணுங்கள். காலை இருப்போடு ஏடிஎம்மில் எடுத்ததைக் கூட்டி, ரொக்கச் செலவைக் கழித்தால் இப்போதைய இருப்பு வர வேண்டும். 20, 30 ரூபாய் உதைத்தால் ‘வித்தியாசம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள். அதைத் துருவ உட்கார்ந்தால் வீட்டில் சண்டைதான் வரும், மறுநாள் யாரும் செலவைச் சொல்ல மாட்டார்கள்.

கூட்டல் தப்பாகும் இடங்கள் சில உண்டு. ஏடிஎம்மில் எடுத்த பணத்தையே செலவு என்று எழுதினால் அது இரண்டு முறை கணக்கில் ஏறும். கிரெடிட் கார்டு செலவைப் பொருள் வாங்கிய அன்றே எழுதிவிட்டு, பில் கட்டும்போது விட்டுவிட வேண்டும். சீட்டுப் பணமும் கைமாற்றும் செலவில்லை, அவற்றைக் கடைசிப் பக்கத்தில் தனியாக வையுங்கள். ‘இதர’ மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தலைப்பு ஒன்று குறைகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வெளிச் சாப்பாடாக இருக்கும்.

மூன்று மாதம் எழுதினால் மளிகைக்கு எவ்வளவு ஆகிறது என்பது பிடிபடும். ஆனால் இந்த நோட்டின் உண்மையான பலன் ஒரு வருடம் முடிந்த பிறகே கிடைக்கிறது. மாதாமாதம் வராத செலவுகளை ஒரே பக்கத்தில் எழுத முடிவது அப்போதுதான். மாதச் சம்பளத்தில் துண்டு விழ வைப்பவை இவைதான், தினமும் குடிக்கும் டீ இல்லை. உதாரணத்துக்கு, பைக் இன்சூரன்ஸ் 1,800, அரையாண்டுக்கு 1,200 வீதம் சொத்து வரி 2,400, பள்ளிக் கட்டணம் 30,000, தீபாவளி 15,000, மொய் 10,800. மொத்தம் 60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. சம்பளம் வந்த அன்றே அந்த 5,000 யுபிஐ இணைக்காத வேறொரு வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். யுபிஐ இருந்தால் அந்தப் பணம் தங்காது.

இதை மார்ச்சில் ஆரம்பித்தால் ஜூன் கட்டணத்துக்குள் கையில் 20,000 தான் சேரும், 10,000 உதைக்கும். பள்ளிக் கட்டணம் கட்டி முடித்த ஜூலையில் ஆரம்பிப்பதே நல்லது. அக்டோபருக்குள் 20,000 சேர்ந்துவிடும். தீபாவளியும் அரையாண்டு வரியும் சேர்த்து 16,200 தான். ஆவணி மொய்க்கும் கொஞ்சம் மிஞ்சும். மொய்யை மட்டும் தமிழ் மாதப்படி எழுதுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் அநேகமாக ஒன்றும் இருக்காது. ஆவணி, தை, வைகாசியில் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும்.

கரண்ட் பில் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அதையும் பாதியாகப் பிரித்தே பார்க்க வேண்டும். ஞாயிறுதோறும் மீட்டர் ரீடிங்கை அந்த வாரப் பக்கத்தின் ஓரத்தில் குறித்தால், எந்த வாரத்தில் ஏசி எவ்வளவு இழுத்தது என்று பில் வருவதற்கு முன்பே தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமே மாறுகிறது. அதனால் ஆறாவது வாரத்தில் 400-ஐத் தொட்டுவிட்டால் கவனம் வேண்டும்.

வருடம் முடிந்ததும் பழைய நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புது நோட்டின் வருடச் செலவுப் பக்கத்தை அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பழைய தொகையை அப்படியே எழுதாமல், கடைசியாகக் கட்டிய ரசீதில் உள்ள தொகையைப் போடுங்கள்.