ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு சிஸ்டம்: விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா, ஹைப்பர்-வியா, கேவிஎம்மா?

சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவனிடம் விர்ச்சுவல் மெஷின் (ஒரு சிஸ்டத்துக்குள்ளேயே சாஃப்ட்வேரால் ஓடும் இன்னொரு சிஸ்டம்) பற்றிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறவருக்கு பழைய விண்டோஸ் எக்ஸ்பியும் அதில் ஓடும் பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரும் சாகாமல் இருக்க வேண்டும். இன்ஜினியரிங் மாணவருக்கு விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட் ஆபீசுக்குப் பழைய கூலிக் கணக்கு சாஃப்ட்வேர் புது சிஸ்டத்திலும் ஓட வேண்டும்.

தலைப்பில் உள்ள நாலும் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் சாஃப்ட்வேர்கள். அவற்றில் எது வேகம் என்றுதான் மூவரும் முதலில் கேட்பார்கள். அதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே ஓடும் சிஸ்டத்தில் எந்த யூ.எஸ்.பி. சாமானைச் செருகப்போகிறீர்கள், வெளியே இருப்பது விண்டோஸ் ஹோமா, ப்ரோவா, லினக்ஸா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியு-வைத் தட்டினால், கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி இருக்கும். அது எனேபிள்ட் என்று காட்டவில்லை என்றால் எந்த சாஃப்ட்வேர் போட்டும் பிரயோஜனம் இல்லை. இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் இந்த வசதியைச் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ஆனால் அசெம்பிள் செய்த சிஸ்டங்களில் பயாஸில் (சிஸ்டம் எழும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்) அது அணைந்தே கிடப்பது சகஜம். ஏஎம்டி போர்டு என்றால் 'எஸ்விஎம் மோட்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அப்புறம் ரேம். 8 ஜிபி இருந்தால் எக்ஸ்பிக்கு 1 ஜிபி தாராளம், உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபி கொடுத்தால் விண்டோஸ் 11 மூச்சுத் திணறும். 16 ஜிபியும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் கீழே சொல்லப்போகும் எதுவும் நன்றாகவே ஓடும்.

ஆன் செய்யும்போது ரெண்டில் ஒரு சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட்டை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். கிராபிக்ஸ் கார்டின் முழு பலமும் தேவைப்படும் கேம், வீடியோ எடிட்டிங் போன்றவற்றுக்கு இன்றும் அதுதான் சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பார்ட்டிஷனில் கை வைத்த பிறகு டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டு நின்றால், அந்த கீ எங்கே என்று யாருக்கும் தெரியாது. ரெண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்கிறவருக்கு டூயல் பூட் உதவாது.

சரி, அச்சகத்துக்கு வருவோம். "தம்பி, பழைய சிஸ்டம் போயிடுச்சு. முகூர்த்த மாசம், பத்திரிகை ஃபைல் பூரா பேஜ்மேக்கர்லதான் இருக்கு" என்று வருகிறவரிடம், இன்டிசைனுக்கு மாறுங்கள் அண்ணா என்று உபதேசம் செய்து பயனில்லை. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதற்குப் பிறகு அடுத்த வர்ஷனே வரவில்லை. பல வருஷத்துப் பத்திரிகை மாடல்கள், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட், அந்த ஃபான்டுக்கான கீபோர்டு டிரைவர், சில சமயம் அதற்கொரு டாங்கிள் (செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் யூ.எஸ்.பி. பூட்டு) எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். ஒன்றை மட்டும் பிரித்துப் புது விண்டோஸில் போட்டால் எழுத்து உடையும். எக்ஸ்பியை அப்படியே பெட்டியோடு தூக்கி உள்ளே வைப்பதுதான் வழி.

இந்த வேலையில் போட்டி விர்ச்சுவல்பாக்ஸுக்கும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனுக்கும்தான். முதலாவது ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனத்தில் பிறந்து, 2008-ல் சன், 2010-ல் ஆரக்கிள் என்று கை மாறியது. ஓப்பன் சோர்ஸ். இரண்டாவது 1999-லிருந்து இருக்கிறது, ரொம்ப காலம் காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கிய பிறகு, 2024 மே மாதம் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவைச் சொந்த உபயோகத்துக்கு இலவசமாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் வியாபார உபயோகத்துக்கும் இலவசம் என்றார்கள். விஎம்வேர் காசு, விர்ச்சுவல்பாக்ஸ் ஓசி என்ற பழைய கணக்கு இதோடு முடிந்தது.

இன்னும் சொன்னால், கணக்கு கொஞ்சம் தலைகீழாகவே திரும்பியிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு யாருக்கும் இலவசம். ஆனால் தனியாக இறக்கிச் சேர்க்கும் கூடுதல் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் மட்டுமே இலவசம், கடையில் போட்டால் லைசென்ஸ் வாங்க வேண்டும். முன்பெல்லாம் யூ.எஸ்.பி. 2.0 வேலை செய்யவே அந்த பேக் வேண்டியிருந்தது, அதனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். 7.0 வர்ஷனிலிருந்து யூ.எஸ்.பி. 2.0, 3.0 இரண்டும் அடிப்படைத் தொகுப்புக்குள்ளேயே வந்துவிட்டன. ஆகவே அச்சகத்தில் அந்த பேக்கைத் தொடாதீர்கள், தேவையும் இல்லை.

டாங்கிள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எக்ஸ்பிக்கு யூ.எஸ்.பி. 3.0 என்றால் என்னவென்றே தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்கில் யூ.எஸ்.பி. பக்கம் போய் 2.0 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டாங்கிளைச் செருகி, வலப்பக்கம் இருக்கும் பிளஸ் குறியைத் தட்டி அதற்கென்று ஒரு ஃபில்டர் சேருங்கள். இனி எக்ஸ்பி எழும்போதெல்லாம் டாங்கிள் தானாக உள்ளே போய்விடும். ஃபில்டரை வெறுமையாக மட்டும் விடக் கூடாது. வெறும் ஃபில்டர் கண்ணில் படும் எல்லா யூ.எஸ்.பி.யையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கஸ்டமர் கொண்டுவந்த பென்டிரைவ் உட்பட.

விஎம்வேரில் இந்தத் தொல்லை குறைவு. எதைச் செருகினாலும் 'இது வெளி சிஸ்டத்துக்கா, உள்ளே இருப்பதற்கா' என்று ஒரு பெட்டி கேட்கும். ஒரு தடவை பதில் சொல்லி, நினைவில் வைத்துக்கொள் என்று டிக் அடித்தால் போதும். திரையும் விஎம்வேரில் வழுவழுவென்று இருக்கும், டைரக்ட்எக்ஸ் 11 வரை தாங்குகிறது. விர்ச்சுவல்பாக்ஸின் முப்பரிமாண கிராபிக்ஸ் இன்னும் சுமார் ரகம்தான். எக்ஸ்பிக்கான விஎம்வேர் டூல்ஸ் (உள்ளே போடும் துணை டிரைவர்கள்) பழைய வர்ஷனோடு நின்றுபோனது, ஆனால் மவுஸும் திரை அளவும் சரியாக இருக்க அதுவே போதும்.

அப்படியானால் விஎம்வேர்தானே? கடைக்காரருக்கு, ஆமாம், அதைத்தான் போடுவேன். டவுன்லோடு செய்ய பிராட்காம் தளத்தில் கணக்குத் திறந்து, முகவரி எல்லாம் நிரப்ப வேண்டிய ரோதனை ஒன்று உண்டு. நாளைக்கு அந்த நிறுவனம் மனசு மாறினால் என்ன என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. அந்த பயம் உள்ளவர்கள் விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கலாம், பேஜ்மேக்கருக்கு ரெண்டும் ஒன்றுதான்.

எதைப் போட்டாலும் எக்ஸ்பியின் நெட்வொர்க்கைக் கழற்றிவிடுங்கள். 2014 ஏப்ரலோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. உள்ளே பிடிஎஃப் ஆக்கி, ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்து, புது விண்டோஸிலிருந்து பிரின்ட் கொடுத்தால் பிரின்டர் டிரைவர் தேடும் வேலையும் மிச்சம். லைசென்ஸும் முக்கியம்: பழைய சிஸ்டத்தோடு ஒட்டி வந்த ஓஇஎம் எக்ஸ்பி அந்த மெஷினோடு சரி. தனியாக வாங்கிய ரீட்டெய்ல் சிடி இருக்கிறதா என்று பீரோவில் தேடச் சொல்லுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி ஏன் இந்தப் போட்டியிலேயே இல்லை? விண்டோஸ் ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் அது கூடவே வருகிறது, காசும் இல்லை, உறுதியானதும்கூட. ஆனால் கடைகளில் விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம் பதிப்புதான். அதைவிட முக்கியம், டாங்கிளை நேராக உள்ளே அனுப்பும் வசதி அதில் கிடையாது. டாங்கிள் உள்ளவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். விண்டோஸ் சர்வரை வைத்துப் பயிற்சி எடுக்கிறவருக்கு அது நல்ல தேர்வு.

அதன் பக்கவிளைவு ஒன்று மற்றவர்களையும் பாதிக்கும். ஹைப்பர்-வியோ, விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியோ ஆன் ஆகியிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸால் சில்லை நேரடியாகத் தொட முடியாது, ஹைப்பர்-வி வழியாகத்தான் போக வேண்டும். அப்போது ஜன்னலின் கீழ்ப்பக்கம் பச்சை நிறத்தில் ஒரு ஆமைப் படம் வரும். பெயருக்கேற்ற வேகம்தான். விஎம்வேரும் 15.5.5-லிருந்து அதே வழியில் ஓடும், ஆனால் அவ்வளவாக முக்காது. 'என் லேப்டாப்பில் மட்டும் ஏன் ஸ்லோ' என்று கேட்கும் மாணவர்களிடம் நான் முதலில் தேடச் சொல்வது இந்த ஆமையைத்தான்.

மாணவர்களுக்கு எப்போதும் இன்னொரு போட்டியாளரையும் காட்டுவேன்: டபிள்யூஎஸ்எல் 2. விண்டோஸுக்குள்ளேயே உண்மையான லினக்ஸ் கெர்னலை, அதாவது அதன் மையப் பகுதியை, சின்ன விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுகிறது, ஹோம் பதிப்பிலும் வேலை செய்யும், ஒரே கட்டளையில் உபுண்டு வந்துவிடும். சி, பைத்தான், ஷெல் ஸ்கிரிப்ட் என்ற அளவில் லேப் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. சி டிரைவில் இருக்கும் ஃபைலை லினக்ஸிலிருந்து தொட்டால் மந்தமாக இருக்கும், ஆகவே புராஜெக்டை லினக்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள்.

ஆனால் லினக்ஸை இன்ஸ்டால் செய்து பழக வேண்டும், பூட் ஆகும் விதத்தைப் பார்க்க வேண்டும், ரெண்டு மூன்று மெஷினைக் கோத்து நெட்வொர்க் லேப் செய்ய வேண்டும் என்றால் டபிள்யூஎஸ்எல் போதாது. இங்கே விர்ச்சுவல்பாக்ஸ் எனக்குப் பிடிக்கும். பாதுகாப்புச் சோதனைக்கான 'காலி' (Kali) லினக்ஸ் தளத்திலேயே அதற்கும் விஎம்வேருக்கும் தயார்நிலையில் மெஷின் கிடைக்கிறது. எங்கேயும் கணக்குத் திறக்க வேண்டியதில்லை, லினக்ஸ் வைத்திருக்கும் நண்பனோடு மெஷினை ஒரே ஃபைலாக மாற்றிக்கொள்ளலாம், செட்டிங் எல்லாம் கண் முன்னால் இருக்கும். படிக்கிறவருக்கு அதுதானே வேண்டும். ஏதாவது விபரீதம் செய்வதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், கெட்டுப்போனாலும் பழைய நிலைக்கு ஒரே நொடியில் திரும்பலாம். மேக்புக் ஏர் வாங்கியவர்கள் கோபிக்க வேண்டாம்: எம் வரிசைச் சில்லில் சாதாரண இன்டெல் விண்டோஸ் இப்படி ஓடாது, ஆர்ம் வகைச் சில்லுக்கான பதிப்புதான் ஓடும். லேப் மேனுவலில் உள்ளது உங்களிடம் அப்படியே வராது.

ஏற்காட்டுக் கதை வேறு மாதிரி. எஸ்டேட் ஆபீஸில் இருக்கிற சிஸ்டம் எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்கு முந்தையது, ஆகவே விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. கூலிக் கணக்கு சாஃப்ட்வேரோ விண்டோஸ் 7-ஐத் தாண்டி வர மறுக்கிறது, அதற்கும் ஒரு டாங்கிள். வெளியே லினக்ஸ் மின்ட், உள்ளே விண்டோஸ் 7 என்று போடலாம். மெயில் பார்ப்பதும் பேங்க் வேலையும் லினக்ஸில், கணக்கு மட்டும் உள்ளே, இணையம் இல்லாமல்.

ஹோஸ்ட், அதாவது வெளியே இருக்கும் சிஸ்டம், லினக்ஸ் என்றான பின் கேவிஎம்தான். 2007-ல் வந்த 2.6.20-லிருந்து அது கெர்னலிலேயே இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் தன் மாட்யூலைப் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும், செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் அதற்கு டிஜிட்டல் கையெழுத்து வேறு. அது என்றைக்காவது தவறினால், சம்பள நாளன்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் போன் செய்வார், நான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். கேவிஎம்மில் அந்தச் சங்கடம் இல்லை. அதை இயக்கும் விர்ட்-மேனேஜர் என்ற ஜன்னல் பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது, விர்ச்சுவல்பாக்ஸ் போல எல்லாம் கைக்கெட்டும் இடத்திலும் இல்லை. முதல் தடவை அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அமைத்த பிறகு ரைட்டருக்குத் தெரிய வேண்டியது ஒரே ஐகான்.

விண்டோஸ் 7-ஐப் புதிதாக ஏற்றாமல், பழைய டிஸ்க்கையே டிஸ்க்2விஹெச்டி என்ற மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவியால் ஃபைலாக்கி, கேவிஎம்மோடு சேர்ந்து ஓடும் கியூஎம்யு கூடவே வரும் மாற்றியால் கியூகவ்2 என்ற டிஸ்க் ஃபைல் வடிவமாக்கலாம். முதல் பூட்டிலேயே டிஸ்க்கை விர்ட்ஐஓ (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள வேகமான வகை) என்று வைத்தால் நீலத்திரைதான் வரும், அதற்கான டிரைவர் உள்ளே இல்லை. பழைய சிஸ்டத்தில் ஐடிஇ இருந்தால் ஐடிஇ, சாட்டா இருந்தால் சாட்டா என்றே வைத்து எழுப்புங்கள். விர்ட்ஐஓவின் வேகம் வேண்டுமென்றால் பிறகு டிரைவர் போட்டு மாற்றலாம். அதிலும் விண்டோஸ் 7-க்குப் பழைய வர்ஷன் டிரைவராகப் பார்த்து எடுக்க வேண்டும். டாங்கிளை 'யூ.எஸ்.பி. ஹோஸ்ட் டிவைஸ்' என்று சேர்த்தால் போய்விடும், கன்ட்ரோலர் இங்கேயும் 2.0-வாகவே இருக்கட்டும்.

மலையில் ஐப்பசி மழை பிடித்தால் கரன்ட் போவதும் வருவதும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷின் சட்டென்று அணைந்தால் இரண்டு சிஸ்டத்தின் டிஸ்க்கும் ஒரே அடியில் வாங்கும். யூபிஎஸ் இருக்கட்டும், பேட்டரி இறங்கும்போது லினக்ஸ் தானாக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சர்வீஸை ஆன் செய்தால், அப்படி ஷட்டவுன் ஆகும்போது உள்ளே இருக்கும் விண்டோஸ் 7-ஐ, செட்டிங்கைப் பொறுத்து, அந்த நிலையிலேயே சேமித்துவிடும் அல்லது முறையாக அணைத்துவிடும். ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடக் கூடாது, அதுவும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. வாரம் ஒரு தடவை கெஸ்ட்டை, அதாவது உள்ளே இருக்கும் விண்டோஸ் 7-ஐ, முழுதாக அணைத்துவிட்டு, அந்த ஒரே பெரிய ஃபைலை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, ஹார்ட் டிஸ்க்கை ஆபீஸில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.