புரோ வி1 பந்து: கிரீனுக்கு அருகில் தெரியும் விலை

டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 கோல்ஃப் பந்தை, அது கூடுதல் தொலைவு போகும் என்று நம்பியே பலரும் வாங்குகிறார்கள். சில மாதங்களாக அதையும், அயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்ட மலிவான இரண்டடுக்குப் பந்து ஒன்றையும் மாற்றி மாற்றி ஆடியதில், டிரைவர் என்ற நீண்ட மட்டையால் தொலைவுக்கு அடிக்கும் அடியில் எனக்குச் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

வேறுபாடு, குழியும் அதில் நட்ட கொடியும் இருக்கும் குட்டைப் புல்தரையான கிரீனைச் சுற்றித்தான் இருக்கிறது. முப்பது மீட்டரிலிருந்து முகம் 56 டிகிரி சாய்ந்த, பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையால் அடித்த புரோ வி1, இரண்டு முறை தத்திவிட்டு, மூன்றாவது முறை தரையைத் தொட்டதும் கொடிக்கு அருகிலேயே நின்றுவிட்டது. அதே இடத்திலிருந்து, கூடியவரை அதே வீச்சில் அடித்த கெட்டிப் பந்தோ கொடியைத் தாண்டி ஏழெட்டு அடி உருண்டோடியது. புரோ வி1 பந்தின் மென்மையான யூரித்தேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) உறை, வெட்ஜ் முகத்துக்கும் உள்ளே இருக்கும் கெட்டியான அடுக்குக்கும் நடுவில் நசுங்கி, முகத்தின் வரிப்பள்ளங்களில் கவ்விக்கொள்வதால், பந்து வழுக்காமல் பின்சுழற்சி எடுக்கிறது. காலைப் பனியில் நனைந்த உயரமான புல்லிலிருந்து அடித்தால் இந்தக் கவ்வல் தளர்ந்துவிடுகிறது. அப்போது கொடுத்த விலைக்கு உரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

பறக்கும்போது இதே பின்சுழற்சி, காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிப் பந்தை மேலே தாங்குகிறது. எடின்பரோ பேராசிரியர் பி. ஜி. டெய்ட் 1890களிலேயே இதை விளக்கிவிட்டார். சுழற்சி குறைந்தால் பந்து சீக்கிரம் விழுந்துவிடும். மிகுந்தால் முன்னேறாமல் மேலே மேலே ஏறும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் டிரைவர் அடியில் பந்து நிமிடத்துக்குச் சுமார் 2,600 முறை சுழல்கிறது என்றால், பிட்சிங் வெட்ஜில் அது 9,000க்கு மேல் போகிறது. ஒரே பந்து இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காகவே, பெரிய ரப்பர் உள்ளுருண்டை, கெட்டியான நடு அடுக்கு, மெல்லிய யூரித்தேன் உறை என்ற மூன்றடுக்கு அமைப்போடு புரோ வி1 2000ஆம் ஆண்டில் வந்தது. உள்ளே ரப்பர் நூல் சுற்றிய பழைய பந்துகள் அதன்பின் விரைவிலேயே வழக்கொழிந்தன.

பந்து பக்கவாட்டில் வளைந்து விலகும் ஸ்லைஸ் அடிப்பவர்கள் இதை வாங்கிக் குணமாகிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மட்டையின் முகம் வீச்சின் பாதைக்கு நேராக இல்லாமல் வெளிப்புறம் திரும்பியிருந்தால் சுழலும் அச்சு சாயும், அதனோடு காற்று தாங்கும் திசையும் சாயும்; எந்த உறையும் அதை நிமிர்த்தாது. கிரீனுக்கு அருகிலிருந்து மெல்லத் தூக்கி அடிக்கும் சிப் அடியில் பந்தை நிறுத்தத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்த விலை நியாயமானது. நான் ஆடும் மைதானத்தின் ஐந்தாம் குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. அங்கே மட்டும், தொலைந்தாலும் பரவாயில்லை என்று, பையிலிருந்து மலிவான கெட்டிப் பந்தைத்தான் எடுக்கிறேன்.