மருந்துக்கு ஐந்து நட்சத்திரம், மருந்து கொடுத்த ஜன்னலுக்கு ஒன்று

அரசு மருத்துவமனையில் ஆறு மாதம் டிபி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு முடித்துவிட்டேன். பரிசோதனை, மாத்திரை எல்லாமே இலவசம். சத்தான உணவுக்கு என்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. நோய் குணமாகிவிட்டது. அதற்கு ஐந்து நட்சத்திரம்.

எனக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. நுரையீரலில் இல்லை, நெறியில் மட்டும்தான், யாருக்கும் ஒட்டாது, வழக்கம்போலத் தையல் வேலையைப் பாருங்கள் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

மாத்திரை கொடுக்கும் ஜன்னலில்தான் எல்லாம் கெட்டது. சீட்டைப் பார்த்ததும் அங்கே இருந்தவர், "டிபி கேஸா? தள்ளி நில்லும்மா" என்று சத்தம் போட்டார். பின்னால் இருபது பேர் வரிசையில். எங்கள் எதிர்வீட்டு அக்காவும் அதில் இருந்தார். ஜன்னலில் இருந்தவர் மாத்திரை அட்டைகளைக் கையில் தராமல் ஸ்கேலால் தள்ளிவிட்டார். டிபி தொட்டால் ஒட்டுகிற நோயே இல்லை, நுரையீரலில் இருப்பவர் இருமினால் காற்றில் பரவுவது. மாத்திரை கொடுப்பவருக்கே இது தெரியாதா?

அன்று மாலையே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்திருந்த ஒன்பது பிளவுஸ் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்காரரே தள்ளி நில் என்றால் வீட்டில் இருப்பவர் பயப்படத்தானே செய்வார்?

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்றுகூட அந்த ஜன்னலில் சொல்லவில்லை. ரத்தமோ என்று பயந்து இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். போய்க் கேட்டால் மறுபடியும் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்க வேண்டும் என்று போகவில்லை.

அப்புறம் டிபி பிரிவிலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, மாமியார் போட்ட டீயைக் குடித்தார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், நிறுத்தக் கூடாது என்றார். 1956-லேயே சென்னையில் ஆய்வு தொடங்கிப் பார்த்தார்களாம். நுரையீரல் டிபி உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டபோதும், சானடோரியம் என்கிற டிபி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் குடும்பத்தைவிட அவர்கள் குடும்பத்தில் அதிகமாக நோய் வரவில்லையாம். மாமியார் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் என் சாப்பாடு பழைய தட்டில் வந்தது.

அந்த அம்மாவுக்குப் பத்து நட்சத்திரம் கொடுக்கலாம். ஜன்னலில் இருப்பவரிடம் கேட்பது ஒன்றுதான்: டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுங்கள், மாத்திரையைக் கையில் கொடுங்கள். எதிர்வீட்டு அக்கா இன்னும் வேறு கடையில்தான் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறார்.