வால்வு ரேடியோ விட்டு விட்டுப் பாடுகிறதா: குச்சியா, மீட்டரா?

பழுதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி: செட் ஓடும்போது குச்சியால் பாகங்களைத் தட்டிப் பார்ப்பது, மீட்டரால் வோல்ட் அளப்பது.

செலவு: காய்ந்த மூங்கில் குச்சிக்குக் காசில்லை. மீட்டர் சாதாரண டிஜிட்டலே போதும்.
நேரம்: குச்சிக்குப் பத்து நிமிடம். மீட்டருக்கு செட் நன்றாகச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும்.
சிக்குவது: குச்சியில் தளர்ந்த சாக்கெட், விட்டுப்போன சால்டர், அழுக்கேறிய பேண்ட் சுவிட்ச் (அலைவரிசை மாற்றுவது). மீட்டரில் சூட்டில் மின்சாரம் கசியும் கண்டன்சர் (கெப்பாசிட்டர்).

குச்சியால் ஓங்கித் தட்டினால் சேசிஸ் (பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு) முழுக்க அதிர்ந்து எல்லா இடமும் குற்றவாளியாகத் தெரியும். மெதுவாக, ஒவ்வொரு பாகமாகத் தட்டுங்கள்.

மீட்டர் வேலை, ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வான இஎல்84-லிருந்து தொடங்கட்டும். 2ஆம் பின்னில் (கிரிட்) சேசிஸைப் பொறுத்து 0 வோல்ட், 3ஆம் பின்னில் (கேதோடு) சுமார் 7 வோல்ட் இருக்க வேண்டும். சூடேற ஏற கிரிட் பாசிட்டிவ் பக்கம் போனால், சுவிட்சை அணைத்து, ஃபில்டர் கண்டன்சர் (அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருப்பது) வடிந்ததை உறுதிசெய்து, கப்ளிங் கண்டன்சரின் (முந்தைய வால்விலிருந்து கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டுவருவது) கிரிட் பக்கக் காலைக் கழற்றி, செட்டைப் போட்டுச் சூடேறியதும் மறுபடி அளக்கவும். 0-க்குத் திரும்பினால் கண்டன்சர் கெட்டது. அதே மதிப்பில் 630 வோல்ட் ஃபிலிம் வகை போடலாம். திரும்பாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள்.

மேசையைத் தட்டினாலே சத்தம் மாறும் செட்டுக்குக் குச்சி. அரை மணி பாடிவிட்டு மங்குகிற செட்டுக்கு மீட்டர்தான். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட் என்றால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (செட்டை மெயின் லைனிலிருந்து பிரிப்பது) இல்லாமல் இரண்டுமே வேண்டாம். சேசிஸிலேயே மின்சாரம் இருக்கும்.