உயரத் தக்காளிக்கு முட்டு: குச்சியா, கூண்டா, கயிறா?

பாகலுக்கும் பட்டாணிக்கும் இருப்பதுபோல் தக்காளிக்குப் பற்றுக்கம்பி கிடையாது. எதையும் தானாகப் பிடித்து ஏறத் தெரியாத செடி அது. விட்டுவிட்டால் தரையில் படரும், தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் நகரும். செடிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நமக்குத்தான் காய் மண்ணில் கிடந்து அழுகக் கூடாது, மழைத்துளி தெறித்து மண்ணிலுள்ள பூஞ்சை அடியிலையில் ஏறக் கூடாது, இருக்கிற கொஞ்ச இடத்தில் நாலு செடி அதிகம் வைக்க வேண்டும். அதனால்தான் முட்டுக் கொடுக்கிறோம்.

முதலில் ரகத்தைப் பாருங்கள். 3, 4 அடியில் நுனியே பூங்கொத்தாக முடிந்து நின்றுபோகிற ரகத்துக்கு முழங்கால் உயரத்தில் ஒரு கட்டு, இடுப்புயரத்தில் ஒரு கட்டு போதும். அதற்காக இவ்வளவு யோசிக்க வேண்டாம். தலைவலியெல்லாம் நிற்காமல் வளரும் ரகத்தில்தான். 6 அடி, 8 அடி என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பசுமைக்குடில்களில் இதே வகையின் தண்டை 10 மீட்டர் வரைகூட வளர்த்தெடுக்கிறார்கள். இனி சொல்வதெல்லாம் இந்த வகைக்கு.

எல்லோரும் முதலில் எடுப்பது குச்சி. அதிகம் கவிழ்வதும் குச்சிதான். குச்சி மேல் பழியில்லை; குட்டையாக வெட்டி, தாமதமாக நடுகிறோம். 8 அடிக் கம்பில் 2 அடி மண்ணுக்குள் போனால் வெளியே 6 அடிதான் மிஞ்சும். அதையும் நாற்று நடும் அன்றே, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி இறக்கிவிட வேண்டும். செடி இடுப்பளவு வந்தபின் கம்பு அடித்தால் பாதி வேரை அறுத்துவிடுவோம்.

ஒரு வருடம் 5 அடிக் குச்சியே போதும் என்று இருந்தேன். செடி குச்சியைத் தாண்டி, உச்சிக் கட்டிலிருந்து வளைந்து மறுபக்கம் தொங்கியது. ஓர் இரவு மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. குச்சி ஒடியவில்லை, ஊறிய மண்ணோடு அடியிலேயே சாய்ந்துவிட்டது. காலையில் பார்த்தால் உச்சிக் கட்டு இருந்த அதே இடத்தில் தண்டு மடங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் தோல் அறாமல் இருந்ததால், சிறு குச்சியை அணைத்து வைத்து டேப் சுற்றினேன். பிழைத்துக்கொண்டது. தக்காளி அந்த அளவுக்குப் பொறுக்கும். மேலே இருந்த காய்கள் மட்டும் சிறுத்தே பழுத்தன.

கட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பழைய பருத்தித் துணியை விரலகலத்துக்குக் கிழித்து, குச்சியில் இறுக்கி ஒரு முடிச்சு போட்டு, நடுவில் குறுக்கே மாற்றி, தண்டைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக 8 வடிவில் கட்ட வேண்டும். இலைக் காம்புக்குச் சற்றுக் கீழே கட்டினால் நழுவாது. காய்க்கொத்துக்கு அடியில் கட்டினால் காய் கனத்ததும் கொத்து துணியில் உரசி முறியும். மெல்லிய கம்பியும் நரம்புபோன்ற நைலானும் தண்டை அறுத்துவிடும். அடிக்கு ஒரு கட்டு வீதம், செடி வளர வளரப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இலைக்கும் தண்டுக்கும் நடுவே கிளம்பும் பக்கத்தளிரை வாரம் ஒருமுறை கிள்ளி, ஒரு தண்டோ இரண்டு தண்டோ மட்டும் விட வேண்டும். இரண்டு வாரம் ஊரில் இல்லையென்றால் திரும்பி வரும்போது புதர்தான் இருக்கும். எது தண்டு, எது கிளை என்றே தெரியாது.

கூண்டு இதற்கு நேர் எதிர். கடையில் ரெடிமேடாக விற்கிற, கீழே குறுகி மேலே விரிந்த 3 அடிக் கூம்பைச் சொல்லவில்லை. அது குடைமிளகாய்க்கும் கத்தரிக்கும் சரி. உயரத் தக்காளியை அதில் விட்டால் கூண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குப்புற விழும். நான் சொல்வது கையால் செய்வது: கான்கிரீட்டுக்குப் போடும் கனமான கம்பி வலை, 5 அடி உயரம், கட்டம் 6 அங்குலம். ஆறரை அடி நீளம் வெட்டிச் சுருட்டினால் 2 அடி விட்டத்தில் உருளை கிடைக்கும். அடிக் குறுக்குக்கம்பியை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் முனைகளே மண்ணில் குத்தி நிற்கும். இருந்தாலும் பக்கத்தில் ஒரு கம்பு அடித்துப் பிணைத்துவிடுங்கள்.

கட்ட வேண்டாம், கிள்ள வேண்டாம். வெளியே நீட்டுகிற கிளையை எப்போதாவது உள்ளே தள்ளினால் போதும். இலை அடர்த்தியாக இருப்பதால் வெயில் நேரே பட்டுக் காய் வெளுத்து வெந்துபோவதும் குறைவு. ஆசையாகக் கிளையும் இலையும் வெட்டிக் கவாத்து செய்பவர்களின் செடியில் இந்த வெளுப்பை நிறையப் பார்க்கலாம். ஆனால் செடிக்குச் செடி 3 அடியாவது விட வேண்டும். உள்ளே காற்று சரியாக ஓடாது. புழு இருந்தால், பழத்தைத் துளைத்து முடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். சீசன் முடிந்ததும் அத்தனை உருளைகளையும் எங்கே வைப்பது என்பது தனிக் கவலை. வலை வாங்கும்போது கட்டத்துக்குள் கையை விட்டு, முஷ்டியோடு வெளியே எடுத்துப் பாருங்கள். கோழி வலையில் கூண்டு செய்தவர்கள் பழுத்த பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது கயிறு. எனக்குப் பிடித்ததும் இதுதான், என்னை அதிகம் வேலை வாங்குவதும் இதுதான். 7, 8 அடி உயரத்தில் ஆடாத குறுக்குக் கம்பி ஒன்று வேண்டும். அதிலிருந்து கயிற்றை இறக்கி, தண்டின் தூரில் சுருங்காத முடிச்சாக, தண்டு பருக்க இடம் விட்டுக் கட்ட வேண்டும். பிறகு செடி வளர வளரத் தண்டைச் சுற்றிக் கயிற்றை எப்போதும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒற்றைத் தண்டுதான், பக்கத்தளிர் ஒன்றுகூடக் கூடாது.

சுற்றும்போது நுனியைப் பிடிக்காதீர்கள். அரையடி கீழே பிடித்து மெல்லத் திருப்புங்கள். அவசரப்பட்டால் டக்கென்று ஒரு சத்தம், நுனி கையோடு வந்துவிடும். வந்தால் அழ வேண்டாம், அதற்குக் கீழே கிளம்பும் பக்கத்தளிரையே தலையாக விட்டுவிடலாம். நாலு செடி சுற்றி முடிப்பதற்குள் விரலெல்லாம் கரும்பச்சையாகப் பிசுபிசுக்கும். சோப்புப் போட்டால் நுரை மஞ்சளாக ஓடும். அந்த வாசனை பிடிக்காதவர்களுக்குக் கயிறு முறை சரிப்படாது.

செடி உச்சியைத் தொட்டதும் என்ன செய்வது என்ற கேள்விக்கு கயிற்றிடம் மட்டும்தான் நல்ல பதில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே மேலே கொஞ்சம் கயிற்றை உபரியாகச் சுற்றி வைத்திருந்தால், அதை அவிழ்த்துச் செடியை ஓரடி இறக்கி, காய் பறித்து இலை நீக்கிய அடித்தண்டைத் தரையோரம் படுக்க வைக்கலாம். சணலா நைலானா என்றால், சணல் சீசன் முடிந்ததும் செடியோடு மக்கப் போடத் தோதானது. ஆனால் மெல்லிய சணல் ஈரத்தில் இற்று, காய் உச்சத்தில் இருக்கும் வாரமாகப் பார்த்து அறுந்துவிடும். நான் கனமான நைலான் கயிறுதான் போடுகிறேன். தண்டை அறுக்காத அளவுக்குத் தடிமன் இருக்க வேண்டும்.

வரிசையாகப் பத்துச் செடி வைப்பவர்களுக்கு ‘புளோரிடா நெசவு’ ஒன்று உண்டு. இரண்டு செடிக்கு ஒரு கம்பு நட்டு, இருபுறமும் கயிறு ஓட்டிச் செடிகளை நடுவில் இடுக்கி வைப்பது. 4 அடி வரை அருமை. அதற்கு மேல் கயிறு தொய்ந்து, வரிசை மொத்தமும் ஒரு பக்கம் சாயும்.

தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்களுக்குக் குச்சியை நான் சொல்லவே மாட்டேன். ஓரடி ஆழத்துப் பொலபொல மண்ணில் 6 அடிக் கம்பு எப்படி நிற்கும்? நின்றாலும் தொட்டியே கவிழும். மேலிருந்து கயிறு இறக்குங்கள், அல்லது கம்பைச் சுவரிலோ கைப்பிடிக் கம்பியிலோ பிணையுங்கள்.

போன வருடத்துக் கம்பையும் கூண்டையும் மறுபடி எடுத்தால், மண்ணைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்துக் காய வையுங்கள். வாடல் நோய் வந்த இடத்துக் கம்பென்றால் தூக்கியே போட்டுவிடுங்கள்.

எது உசத்தி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, வாரத்தில் எத்தனை நாள் கத்தரிக்கோலோடு செடிக்குப் போவீர்கள் என்பதைத்தான். மூன்று நாள் என்றால் கயிறு. ஞாயிறு மட்டும் என்றால் குச்சி, அதுவும் 8 அடியில். தண்ணீர் ஊற்றுவதே பெரிது என்றால் கூண்டு. என் வீட்டில் இந்தமுறை ஆறு செடி. நாலு கூண்டில், இரண்டு கயிற்றில். அந்த 5 அடிக் குச்சி இப்போது அவரைக்குக் காவல்.