டப்ளின் ஐலண்ட்பிரிட்ஜா, பெல்ஜியத்தின் மெசீனா?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் இறந்த அயர்லாந்துக்காரர் ஒருவரைத் தேடுகிறீர்களா? ஐலண்ட்பிரிட்ஜிலிருந்து தொடங்குங்கள். புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸின் போர் நினைவுப் பூங்கா அது. 1930களில் கட்டியும் முறையான திறப்பு நடக்கவில்லை; கவனிப்பாரற்றுப் பாழாகி, சீரமைத்த பிறகு 1988இல்தான் அர்ப்பணித்தார்கள். இந்தப் புறக்கணிப்பே அதன் வரலாற்றில் பாதி. அங்குள்ள கருங்கல் அறைகள் 8 தொகுதி நினைவேட்டை வைப்பதற்கென உருவானவை; அந்தத் தொகுதிகளில் 49,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அப்படியே நம்பிவிடாதீர்கள்: அயர்லாந்து ரெஜிமென்ட்டில் சேர்ந்த ஒரே காரணத்தால் ஆங்கிலேயர் பலரும் அதில் இருக்கிறார்கள். பிறந்த ஊரை முதலில் பாருங்கள். பிறகு அந்த வீரரின் படை எண்ணை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவோடு ஒப்பிடுங்கள்.

மெசீன் அமைதிப் பூங்காவின் நோக்கமே வேறு. 1917 ஜூனில் அங்கே கத்தோலிக்கர் மிகுந்த 16ஆம் டிவிஷனும் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் புராட்டஸ்டண்டுகள் மிகுந்த 36ஆம் டிவிஷனும் அருகருகே போரிட்டன. அதை முன்னிறுத்தி 1998 நவம்பர் 11இல் திறந்தார்கள். அயர்லாந்தின் டிப்பெரரியில் இடித்த பிரிட்டிஷ் படைமுகாமின் கல்லும் சேர்ந்த வட்டக் கோபுரம் அங்கே நிற்கிறது. பூங்காவிலுள்ள தூணில் 36ஆம் டிவிஷனுக்கு 32,186 என்றிருப்பது இறந்தோர் கணக்கல்ல. காயம்பட்டோரும் காணாமற்போனோரும் அதில் அடக்கம். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.